செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

போன வாரம் கடற்கரைச் சாலையில் எங்கள் வழக்கமான கூட்டம். நாலு பேர் பென்ஷன்காரர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேச்சு இந்தக் காலத்து மனிதர்களிடம் விசுவாசம் இல்லை என்பதில் போய் நின்றது. கட்சி மாறுகிறவர்கள், முதலாளி மாறுகிறவர்கள், பெற்றவர்களையே மாற்றிவிடுகிறவர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள். ஆசிரியர் நண்பர் சமீபத்தில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் பற்றி ஏதோ படித்திருக்கிறார். "ஓர்மண்ட் பிரபுவைப் பாருங்கள் சார். ராஜா தலை போயிற்று, இவருக்குச் சொத்து போயிற்று, பத்து வருஷம் அந்நிய தேசத்தில் கிடந்தார். ஆனாலும் பிள்ளை ராஜாவை விடவில்லை. நம் கர்ணன் மாதிரி. செஞ்சோற்றுக் கடன் தீர்த்த மனுஷன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

அன்றைக்குச் சொல்ல நேரம் போதவில்லை, இருட்டிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்தாலும் பரவாயில்லை, நாளைக் காலை காப்பி நான் வாங்கித் தருகிறேன்.

முதலில் அந்த மனிதர் யார் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜேம்ஸ் பட்லர், ஓர்மண்ட் முதல் கோமகன். 1610 அக்டோபரில் லண்டனில் பிறந்தவர். பட்லர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்திலிருந்து அயர்லாந்து போய்க் குடியேறிய பெரிய வம்சம். கில்கென்னி கோட்டை அவர்களுடையது. ஊரோடு கலந்து, அங்கேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து, கத்தோலிக்கர்களாகவே இருந்த குடும்பம். இவருடைய தாத்தா வால்ட்டருக்கு ஊரில் ஜெபமாலை வால்ட்டர் என்றே பெயர். இவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, 1619இல், அப்பா கப்பல் மூழ்கி இறந்துபோனார். தகப்பன் இல்லாத பிரபு வீட்டுப் பிள்ளை ராஜாவின் பராமரிப்புக்குப் போகும். ராஜா பையனைத் தூக்கி கேன்டர்பரி பேராயரிடம் ஒப்படைத்தார். பையன் புராட்டஸ்டண்டாக வளர்ந்தான். அம்மா கத்தோலிக்கர், தம்பி தங்கைகள் கத்தோலிக்கர், ஊர் ஜனம் கத்தோலிக்கர். இவர் ஒருவர் மட்டும் வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1629இல் கல்யாணம். அதுவரை வழக்கில் கிடந்த குடும்பச் சொத்தின் இரண்டு பாதிகளும் அந்தக் கல்யாணத்தால் ஒன்று சேர்ந்தன. 1633இல் தாத்தா இறந்ததும் பட்டம் வந்தது. ஆள் அழகு, பேச்சு அழகு, ரோஷமும் உண்டு. 1634இல் டப்ளின் பாராளுமன்றத்துக்குள் யாரும் வாள் கொண்டுவரக்கூடாது என்று ராஜப் பிரதிநிதி வென்ட்வொர்த் உத்தரவு போட்டிருந்தார். வாசலில் நின்ற சேவகன் இவரிடம் வாளைக் கேட்டான். கேட்டால் உன் வயிற்றில்தான் வாங்கிக்கொள்வாய் என்ற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாராம். வென்ட்வொர்த் கூப்பிட்டு விசாரித்தபோது, வாள் கட்டி வரவேண்டும் என்று எழுதியிருந்த ராஜாவின் அழைப்பாணையை எடுத்துக் காட்டினார். இருபத்து நாலு வயதுகூட ஆகவில்லை. எனக்கும் இந்தக் கதை பிடிக்கும். ஆனால் கவனியுங்கள்: மேலே இருப்பவன் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டித்தான் அவர் துணிச்சலாக இருந்தார். அவருடைய வாழ்க்கை முழுவதும் அப்படித்தான்.

1641 அக்டோபரில் அயர்லாந்தில் கலகம் வெடித்தது. நிலம் பறிபோனவர்கள், மதத்துக்காக ஒடுக்கப்பட்டவர்கள் எழுந்தார்கள். குடியேறிய புராட்டஸ்டண்டுகள் பலர் கொல்லப்பட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு கத்தோலிக்கர்கள் ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தி, தனி அரசாங்கம் போலவே நடத்தினார்கள். தலைமையிடம் எது தெரியுமா? ஓர்மண்டின் சொந்த ஊரான கில்கென்னி. அதன் பெரிய சபைக்குத் தலைவர் இவருடைய சொந்தக்காரர் மவுண்ட்கேரட் பிரபு. தம்பி ரிச்சர்டும் அந்தப் பக்கம். தங்கை வீட்டுக்காரர் மஸ்கெரியும் அந்தப் பக்கம். ராஜாவின் படைக்குத் தலைவர் இவர்.

குடும்பத்தோடு சண்டை போடுகிற அந்த நிலைமை எந்த மனிதனுக்கும் வரக்கூடாது. அவருடைய துன்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. போரின் நடுவில் இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டது. ராஜாவுக்கு ஐரிஷ் படை தேவைப்பட்டது. 1643 செப்டம்பரில் போர் நிறுத்தம், 1646இல் ஒரு சமாதானம், அது போப்பின் தூதர் எதிர்ப்பால் உடைந்தது. 1647இல் டப்ளினைக் காப்பாற்ற முடியாத நிலை வந்தபோது அதை யாரிடம் ஒப்படைத்தார்? தன் உறவினர்கள் இருந்த கூட்டமைப்பிடம் இல்லை, ராஜாவின் எதிரியான ஆங்கிலப் பாராளுமன்றத்திடம். ஐரிஷ் கலகக்காரனைவிட ஆங்கிலக் கலகக்காரன் மேல் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்கு விலை பிற்பாடு தெரிந்தது. 1649 ஆகஸ்டில் அதே டப்ளினைத் திரும்பப் பிடிக்கப் போய் ராத்மைன்ஸில் படுதோல்வி அடைந்தார். பதின்மூன்று நாள் கழித்து கிராம்வெல் தன் படையோடு அதே டப்ளின் துறைமுகத்தில் சாவகாசமாக வந்து இறங்கினான். செப்டம்பரில் ட்ராகெடா, அக்டோபரில் வெக்ஸ்ஃபோர்ட். அந்தப் படுகொலைகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

போர்த் தந்திரத்தில் தவறு யாருக்கும் வரும். அதற்காக நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. என் வழக்கு வேறு.

1649 ஜனவரி 17ஆம் தேதி ஓர்மண்ட் ராஜாவின் பெயரால் கூட்டமைப்போடு இரண்டாவது சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நீங்கள் ராஜாவுக்காகப் படை கொடுங்கள், உங்கள் மதத்துக்கும் நிலத்துக்கும் பாதுகாப்பு என்பது சாரம். பதின்மூன்றாம் நாள் லண்டனில் ராஜாவின் தலை வெட்டப்பட்டது. அப்போதும் அந்த ஐரிஷ்காரர்கள் பேச்சு மாறவில்லை. செத்த ராஜாவின் பிள்ளைக்காகச் சண்டை போட்டார்கள். கிராம்வெல்லின் பீரங்கிக்கு முன்னால் நின்றார்கள். நிலத்தை இழந்தார்கள். ஷானன் ஆற்றுக்கு மேற்கே, கல்லும் முள்ளுமான கொனாக்ட் பகுதிக்கு 1654 மே முதல் தேதிக்குள் போய்விட வேண்டும் என்று நிலக்காரக் குடும்பங்களை விரட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன நிலம் கிராம்வெல்லின் சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கியாகவும், போருக்குக் கடன் கொடுத்த லண்டன் முதலீட்டாளர்களுக்கு வட்டியும் முதலுமாகவும் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அந்தப் பிள்ளை ராஜா, இரண்டாம் சார்லஸ், என்ன செய்தார்? 1650 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆதரவு வேண்டும் என்பதற்காக டன்ஃபெர்ம்லினில் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஐரிஷ் கத்தோலிக்கர்களோடு செய்த சமாதானம் செல்லாது என்று. ஓர்மண்ட் கையெழுத்திட்ட அதே சமாதானம். அவர் அப்போது அயர்லாந்தில், அதே மக்களின் நடுவில், அந்தக் காகிதத்தை நம்பி உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் நடுவில் இருந்தார்.

உங்கள் கையெழுத்தை உங்கள் எஜமானன் காறித் துப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓர்மண்ட் அவமானப்பட்டார், வருத்தப்பட்டார், டிசம்பரில் கப்பல் ஏறி அதே எஜமானனிடம் போய்ச் சேர்ந்தார். இதைத்தான் நண்பர் விசுவாசம் என்கிறார்.

பிரெஞ்சு தேசத்து வாழ்க்கை கஷ்டமானதுதான். பாரிஸில் கையில் காசு இல்லாமல் இருந்தார். மனைவி குழந்தைகளோடு கான் நகரத்தில் தங்கியிருந்து, பிறகு கிராம்வெல்லிடமே போய்த் தன் பிறந்த வீட்டுச் சொத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கினார். 1658இல் ராஜாவுக்காக ஓர்மண்ட் மாறுவேடத்தில் லண்டன் போனார். தலைக்குப் பூசிய சாயம் சரியாக ஏறாமல் முடி பல நிறத்தில் தெரிந்ததாம். ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படி அலைந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் கோழை இல்லை, பேராசைக்காரர் மட்டும் என்றும் சொல்ல முடியாது. அதே காலத்தில் பிளாண்டர்ஸில் நூற்றுக்கணக்கான ஐரிஷ் சிப்பாய்கள் அதே ராஜாவின் கொடியின் கீழ், சரியான சம்பளம் இல்லாமல் கிடந்தார்கள். அவர்களும் செஞ்சோற்றுக் கடன்காரர்கள்தான். ஒரு வித்தியாசம், அவர்கள் சோற்றையே பார்க்கவில்லை.

1660இல் காற்று திரும்பியது. சார்லஸ் சிம்மாசனம் ஏறினார். ஓர்மண்டுக்கு அரண்மனையின் தலைமை நிர்வாகி பதவி, 1661இல் கோமகன் பட்டம், சொத்தெல்லாம் முழுசாகத் திரும்பியது. ஐரிஷ் பாராளுமன்றம் 30,000 பவுன் அன்பளிப்பு கொடுத்தது. 1662இல் ராஜப் பிரதிநிதியாக டப்ளின் வந்து இறங்கினார்.

இப்போதுதான் உண்மையான பரீட்சை. ராஜாவுக்காகச் சண்டை போட்டு நிலத்தை இழந்தவன் வாசலில் நிற்கிறான். ராஜாவுக்கு எதிராகச் சண்டை போட்டு அந்த நிலத்தை வாங்கியவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ராஜா இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டுமானால் இன்னொரு அயர்லாந்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் ஓர்மண்டே சொல்லியிருக்கிறார். புத்திசாலி. பிரச்சினை முழுவதும் அவருக்குப் புரிந்திருந்தது.

1662இல் ஒரு சட்டம் வந்தது. கத்தோலிக்கன் தான் நிரபராதி என்று நிரூபித்தால் நிலம் திரும்பும். நிரபராதி யார்? கலகத்தில் சேராதவன். அதோடு, கூட்டமைப்பின் ஆட்சிப் பகுதியில் தன் வீட்டில் சும்மா குடியிருந்தவனும் பெரும்பாலும் நிரபராதி இல்லை. அயர்லாந்தின் பெரும்பகுதி கூட்டமைப்பின் கையில் இருந்தது. அப்படியானால் அவன் எங்கே போய்க் குடியிருந்திருக்க வேண்டும்? கடலிலா?

இவ்வளவு தடையையும் மீறி ஜனங்கள் மனு கொடுத்தார்கள். உரிமை நீதிமன்றம் 1663 ஜனவரியில் விசாரணையைத் தொடங்கியது. ஆணையர்கள் நியாயமாகவே விசாரித்தார்கள் போலிருக்கிறது. ஏனென்றால் நிரபராதி என்று தீர்ப்பு வாங்கியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அதுதான் வினையாயிற்று. நிலத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அந்த மே மாதமே டப்ளின் கோட்டையைப் பிடித்து ஓர்மண்டைச் சிறை பிடிக்க ஒரு சதி நடந்து கடைசி நேரத்தில் உடைந்தது. ஆகஸ்டில் நீதிமன்றத்தின் காலக்கெடு முடிந்தது. எட்டு நூறு வழக்குச் சொச்சம் கேட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான மனுக்கள் கேட்கப்படவே இல்லை. கெடு நீட்டிக்கப்படவில்லை. 1665இல் விளக்கச் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயர் குறிப்பிட்ட சிலரைத் தவிர, விசாரிக்கப்படாத மனுக்கள் எல்லாம் முடிந்துபோனதாக அது சொன்னது.

நான் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாகக் கோப்பு கட்டியவன். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. தள்ளுபடி ஆன மனு வேறு, கேட்காத மனு வேறு. தள்ளுபடி ஆனவன் திட்டிக்கொண்டே போய்ச் சாப்பிடுவான், தூங்குவான். கேட்கப்படாதவன் வாசலிலேயே நிற்பான். அவன் பிள்ளையும் நிற்பான்.

கணக்கைப் பாருங்கள். 1641இல் அயர்லாந்து நிலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு கத்தோலிக்கர்களிடம் இருந்தது. ஓர்மண்ட் காலத்துப் பங்கீடு முடிந்தபோது ஏறக்குறைய 20 விழுக்காடு. பறித்தவன் கிராம்வெல் என்று எல்லோரும் சொல்கிறோம், சரி. ஆனால் திருடனின் பத்திரத்துக்கு முத்திரை குத்திப் பதிவு செய்து கொடுத்தது ராஜாவின் சட்டம். அதை நடத்தி வைத்தவர் ராஜ விசுவாசி ஓர்மண்ட்.

நண்பர் சொல்லப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, அவர் தனி மனிதர், என்ன செய்ய முடியும்? லண்டன் மந்திரிகளும், துப்பாக்கியோடு நிலத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய்களும் விட்டிருப்பார்களா? நியாயமான கேள்வி. முழு நீதி முடியாதுதான். ஆனால் ஒரு காலக்கெடுவை நீட்டுவது முடியாத காரியமா? முடியாது என்றால், நான் கையெழுத்திட்ட உடன்படிக்கையை மீறுகிற சட்டத்தை என் கையால் நடத்த மாட்டேன் என்று பதவியை விட்டு விலகுவது முடியாத காரியமா? ராஜாவுக்காகச் சொத்து முழுவதையும் ஒருமுறை துறந்த மனிதர் அவர். துறக்கத் தெரிந்தவர். இந்த ஜனங்களுக்காக ஒரு பதவியைத் துறக்கத் தோன்றவில்லை. அவரால் முடியாது என்று சொல்லாதீர்கள், அவருடைய பழைய வாழ்க்கையே அதற்கு எதிர்சாட்சி.

இரண்டு, அவர் கத்தோலிக்க உறவினர்கள் பலருக்கு நிலம் மீட்டுக் கொடுத்தாரே? கொடுத்தார். பட்லர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். இது அவருக்கு ஆதரவான சாட்சி என்று நினைக்கிறீர்களா? எனக்கு எதிராகத் தெரிகிறது. வேண்டியவனுக்குச் செய்ய வழி இருந்தது என்றல்லவா அர்த்தம்? அலுவலகத்தில் இந்தக் கதையை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். சட்டத்தில் இடமில்லை என்பார்கள். மாமன் மகன் வந்தால் இடம் பிறக்கும்.

மூன்று, அவர் செய்த நல்லவை. இருக்கின்றன, மறுக்கவில்லை. டப்ளினில் இன்றைக்கும் ஜனங்கள் காற்று வாங்கும் ஃபீனிக்ஸ் பூங்கா அவர் காலத்தில் மான் பூங்காவாகத் தொடங்கியது. 1680இல் கில்மெய்ன்ஹாமில் முதிய சிப்பாய்களுக்கு ஒரு விடுதி கட்டத் தொடங்கினார். பாரிஸில் பதினான்காம் லூயி கட்டிய ஆன்வலீதைப் பார்த்துச் செய்தது.  சணல் துணி நெசவையும் கம்பளி நெசவையும் வளர்த்தார், அந்நிய நெசவாளர்களைக் கொண்டுவந்தார், பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டண்டுகளுக்கு இடம் கொடுத்தார். ஐரிஷ் மாடுகளை இங்கிலாந்துக்குள் விடக்கூடாது என்று லண்டன் சட்டம் போட்டபோது எதிர்த்து வாதாடினார். எல்லாம் நல்ல காரியம். ஆனால் பிரெஞ்சு அகதிக்கு இடம் கொடுத்த நாட்டில், சொந்த நாட்டு அகதிக்கு இடமில்லை.

இப்போது ஒரு சின்னக் கதை. இதற்கு மேல் வாதமே வேண்டாம் என்று எனக்குத் தோன்றும்.

1663இல் டப்ளின் கோட்டையைப் பிடிக்கச் சதி செய்தார்கள் என்றேனே, அதில் முக்கியமான ஆள் தாமஸ் பிளட். நிலப் பங்கீட்டில் தன் நிலம் போய்விட்டது என்ற ஆத்திரம் அவனுக்கு. 1670 டிசம்பர் 6ஆம் தேதி இரவு, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில், வண்டியில் போய்க்கொண்டிருந்த ஓர்மண்டை இழுத்துப்போட்டு, ஒரு குதிரைக்காரன் பின்னால் கட்டி, தூக்கு மேடை இருந்த டைபர்ன் பக்கம் கொண்டுபோனான். அறுபது வயது மனிதர் திமிறிக் குதிரைக்காரனோடு சேர்ந்து கீழே உருண்டு தப்பினார். அடுத்த மே மாதம் அதே பிளட் லண்டன் டவரில் புகுந்து ராஜாவின் கிரீடத்தையே திருடப் போய் மாட்டிக்கொண்டான். ராஜா என்ன செய்தார்? மன்னித்தார். மன்னித்தது மட்டுமல்ல, அயர்லாந்தில் ஆண்டுக்கு 500 பவுன் வருமானம் உள்ள நிலம் கொடுத்தார். ஓர்மண்டிடமும் மன்னிக்கச் சொன்னார்கள். ராஜா தன் கிரீடத்தைத் திருடியதையே மன்னித்தபோது, என் உயிரை எடுக்க வந்ததை நான் மன்னிப்பதில் என்ன என்ற மாதிரி பதில் சொன்னாராம்.

பெருந்தன்மையான பதில் என்று புத்தகத்தில் போடுகிறார்கள். எனக்கோ வயிறு எரிகிறது. ராஜாவுக்காகச் சண்டை போட்டவனின் மனுவைக் கேட்க நேரமில்லை. ராஜாவின் கிரீடத்தைத் திருடியவனுக்கு அதே நாட்டில் நிலம். இதுதான் ஓர்மண்ட் நாற்பது வருஷம் விசுவாசமாக இருந்த எஜமானின் லட்சணம். அதற்கு முந்தைய ஆண்டு, 1669இல், அரண்மனைச் சூழ்ச்சிக்காரர்கள் சொல்லைக் கேட்டு அந்த எஜமான் ஓர்மண்டையே பதவியிலிருந்து இறக்கியிருந்தார்.

பிறகு 1677இல் திரும்பவும் கூப்பிட்டார்கள். திரும்பவும் போனார். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் கத்தோலிக்கச் சதி என்று ஒரு பெரிய புளுகு கிளம்பியது. அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட்டை 1679 டிசம்பரில் டப்ளினில் பிடித்தார்கள். சாட்சிகள் பொய்யர்கள் என்று ஓர்மண்டுக்குத் தெரியும். கடிதங்களில் அவர்களைக் கேவலமாகவே எழுதினார். டண்டாக்கில் வழக்கு நிற்கவில்லை. லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1681 ஜூலை முதல் தேதி டைபர்னில் பிளங்கெட்டைத் தூக்கிலிட்டு உடலைத் துண்டாக்கினார்கள். எசெக்ஸ் பிரபு என்று முன்னாள் ராஜப் பிரதிநிதி ஒருவர், காலம் கடந்தாவது ராஜாவிடம் போய் இவர் நிரபராதி என்று சொன்னார். பதவியில் இருந்த ஓர்மண்ட் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. பிளங்கெட்டுக்கு 1975இல் ரோமாபுரியில் அர்ச்சிஷ்டர் பட்டம் கொடுத்தார்கள். அவருடைய தலை இன்றும் ட்ராகெடா கோவிலில் இருக்கிறது.

ஓர்மண்ட் 1688 ஜூலை 21ஆம் தேதி கடனாளியாக இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம். சில மாதத்துக்குள் இரண்டாம் ஜேம்ஸ் ராஜா சிம்மாசனத்தை இழந்தார். கேட்கப்படாத மனுக்கள் அப்போது எழுந்து நின்றன. 1689இல் டப்ளினில் கூடிய கத்தோலிக்கப் பாராளுமன்றம் அந்த 1662 சட்டத்தை ரத்து செய்தது. மறுபடி போர். 1691இல் லிமெரிக்கில் தோல்வி. ஆயிரக்கணக்கான ஐரிஷ் சிப்பாய்கள் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய் அங்கே சொல்தாவாகச் சேர்ந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் கால்வே பக்கத்து ஜெரார்ட் லல்லி.

பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? அவருடைய மகன்தான் நம் ஊருக்கு 1758இல் வந்து இறங்கிய லல்லி தொலாந்தால். தொலாந்தால் என்பது அவர்கள் இழந்த ஐரிஷ் ஊரின் பெயர், பிரெஞ்சு வாயில் அப்படி ஆயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்த அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். ஆனால் அங்கே நிலம் பெற்றுக் குடியேறிய ஆங்கிலக் குடும்பம். வந்தவாசி வயற்காட்டில் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மோதினார்கள் என்று பள்ளியில் படித்தோம். நாடு இழந்தவன் மகனும் நிலம் பெற்றவன் வம்சத்தானும் மோதினார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது, அதன் பிறகு கோட்டையையும் வெள்ளைப் பட்டணத்தையும் இங்கிலீஷ்காரர்கள் தரைமட்டமாக்கினார்கள். லல்லி பிரெஞ்சு ராஜாவுக்கு விசுவாசமாக உழைத்தவர், முரட்டு மனிதர் என்றாலும். ராஜாவின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று 1766 மே மாதம் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். பிற்பாடு வொல்த்தேர் போராடி, 1778இல் அந்தத் தீர்ப்பை நீக்கினார்கள். தலை திரும்பவில்லை.

ராஜாக்களுக்கு விசுவாசமாக இருப்பதன் பலன் இதுதான். ஓர்மண்டின் பேரனும் இரண்டாவது கோமகன் ஆகி, பிறகு துரோகி என்று சொத்து பறிக்கப்பட்டு, 1745இல் அவிஞோனில் நாடு கடந்தவராகவே செத்தார். 1967இல் பட்லர் வம்சத்தார் கில்கென்னி கோட்டையை ஊர் ஜனங்களுக்கு வெறும் 50 பவுனுக்குக் கொடுத்தார்கள். முன்னூறு வருஷம் கழித்தாவது ஏதோ ஒன்று சரியான கைக்குப் போனது.

இதையெல்லாம் இவ்வளவு சூடாக எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மனைப்பட்டா கோரிக்கைகளை விசாரிக்க ஒரு தனிப் பிரிவு போட்டார்கள். கெடு முடிந்ததும் பிரிவைக் கலைத்தார்கள். கேட்காத மனுக்கள் இரண்டு மூட்டை இருந்தன. எங்கள் அதிகாரி நல்ல மனிதர், என்னைத் தம்பி மாதிரி நடத்தினவர், என் பெண் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவர். "கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிடு, மேலே கேட்க வேண்டாம்" என்றார். கேட்டால் அவருக்குச் சங்கடம். நான் கட்டி அனுப்பினேன். ஒரு பெரியவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மனு கொடுத்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். "என்னாச்சு ஐயா?" என்பார். "மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் பெரியவரே" என்பேன். மேலிடத்துக்கு நாங்கள் எழுதவே இல்லை. ஏழெட்டு மாதம் வந்தார். பிறகு வரவில்லை.

ஒரு குறிப்பு எழுதி மேலே வைத்திருக்கலாம். அதிகாரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். நான் எழுதவில்லை. அதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் விசுவாசம்.

ஆகவே நண்பரே, கர்ணன் துரியோதனனின் சோற்றைச் சாப்பிட்டான், அந்தக் கணக்கு வேறு. ஓர்மண்ட் சாப்பிட்டது ராஜாவின் சோறு இல்லை. கில்கென்னி மண்ணில் விளைந்த சோறு. அதை விளைவித்தவன் கொனாக்ட் காட்டில் கிடந்தான். நானும் சாப்பிட்டது என் அதிகாரியின் சோறு இல்லை, அந்த ரசீதுக்காரர் கட்டிய வரியில் வந்த சோறு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிக் கொடுத்தார்கள். உப்பு யாருடையது என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாளைக் காலை கடற்கரையில் சந்திப்போம். காப்பி என் கணக்கு.